தூதரகம் முன்னால் நாம் கத்தினால் கம்பாலாவில் யாருக்கு அடி விழும்?

மழைச்சாரல் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு அடுத்த வாரம் உகாண்டா தூதரகத்தின் முன்னால் போராட்டம் அறிவித்திருக்கிறது. 2023-இல் அங்கே வந்த தன்பாலீர்ப்பு எதிர்ப்புச் சட்டத்துக்கு எதிராகத்தான். ஆயுள் தண்டனை, சில நேரங்களில் மரண தண்டனை வரைக்கும் போகிற சட்டம் என்பதால் நான் யோசிக்கவே இல்லை, உடனே பெயர் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு மனுவும் சுற்றுக்கு வந்தது. உகாண்டாவுக்குப் போகும் நிதியுதவி அத்தனையையும் உடனே நிறுத்த வேண்டும் என்பதுதான் அதில் முதல் கோரிக்கை.

எங்களோடு உகாண்டாவிலிருந்து வந்த ஒரு பெண் படிக்கிறாள். அவளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது எங்களில் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து மனுவை நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்து டீ கோப்பைக்கு அடியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "நீங்கள் சாயங்காலம் பதாகையைச் சுருட்டிவைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவீர்கள். மறுநாள் எங்கள் ஊர் ரேடியோவில் 'வெள்ளைக்காரன் நம்மை மிரட்டுகிறான்' என்பார்கள். அதற்கு அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து உன் மகளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று என் அம்மாவிடம் கேட்பாள்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. போகலாமா வேண்டாமா? பணத்தை நிறுத்தினால் அரசாங்கம் இறங்கி வருமா, இல்லை அந்தக் கோபம் இவர்கள் தலையில் விடியுமா? இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி, ஆப்பிரிக்காவில் இல்லாதது என்று அங்கே உள்ளவர்கள் சொல்வதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நைல்கரை

நான் 2010 செப்டம்பரிலிருந்து ஆறு வருடம் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் கணக்கு எழுதினேன். உங்கள் தோழி சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே ஒரு உள்ளூர்ப் பத்திரிகை, பெயர் ரோலிங் ஸ்டோன், அமெரிக்கப் பத்திரிகைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலருடைய படங்களையும் விவரங்களையும் போட்டு 'தூக்கில் போடுங்கள்' என்று முதல் பக்கத்தில் அச்சடித்தது. அலுவலகத்தில் அந்தப் பத்திரிகை மேசைக்கு மேசை கை மாறியது. சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் மட்டும் வாங்கிப் பார்க்காமல் குனிந்தே வேலை செய்துகொண்டிருந்தார். அவர் ஏன் பார்க்கவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பத்திரிகையின் மேல் வழக்குப் போட்டவர்களில் ஒருவர், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய டேவிட் கட்டோ. 2011 ஜனவரி 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் 26-ஆம் தேதி அவரை வீட்டிலேயே அடித்துக் கொன்றார்கள். அடக்கத்தில் ஜெபிக்க வந்த போதகர் செத்தவரின் சவப்பெட்டியை வைத்துக்கொண்டே தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டிப் பிரசங்கம் செய்தார், நண்பர்கள் மைக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்கள் பெட்டியைத் தொட மறுத்தார்கள். நண்பர்களே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். சபையிலிருந்து ஒதுக்கப்பட்ட வயதான ஆங்கிலிக்கன் பிஷப் கிறிஸ்டோபர் சென்யோன்ஜோ வந்து பக்கத்தில் நின்றார். எனக்கு இன்றைக்கும் இதை எழுதும்போது நெஞ்சு அடைக்கிறது.

சரி, பணம் விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் பஹாட்டி என்ற எம்பி கொண்டுவந்த மசோதா பல வருடம் கிடப்பில் கிடந்து 2013 டிசம்பரில் நிறைவேறியது. 2014 பிப்ரவரி 24-ஆம் தேதி ஜனாதிபதி முசெவேனி வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் கையெழுத்துப் போட்டார். யாருக்குக் காட்ட என்று யோசித்துப் பாருங்கள். டென்மார்க், நார்வே, நெதர்லாந்து பணத்தை நிறுத்தின அல்லது வேறு வழிக்குத் திருப்பின. உலக வங்கி 9 கோடி டாலர் கடனைத் தள்ளிவைத்தது. அந்தக் கடன் எதற்குத் தெரியுமா? பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் பச்சைக் குழந்தைகளின் சிகிச்சைக்கும்.

அங்கே டாக்ஸி என்றால் பதினான்கு பேர் உட்காரும் வேன். ஒருநாள் காலை டாக்ஸியில் போகும்போது டிரைவர் வைத்திருந்த ரேடியோவில் நேயர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சி. ஒரு அம்மா பேசினார். எனக்கு லுகாண்டா அரைகுறைதான், பக்கத்தில் இருந்தவர் சொல்லிச் சொல்லித்தான் புரிந்தது. "இந்த ஆட்களால் எங்கள் குழந்தைகளின் மருந்துக் காசு போய்விட்டது" என்று அந்த அம்மா அழுகிற குரலில் சொன்னார். வேனே தலையாட்டியது. கடனை நிறுத்தியது உலக வங்கி, சட்டம் போட்டது பார்லிமென்ட், பழி வந்தது யார் மேல் என்று பாருங்கள். அதுவரைக்கும் அவர்கள் வெறுக்கப்பட்டவர்களாக இருந்தார்கள், அன்றைக்கு மற்றவர் சோற்றில் கை வைத்தவர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

மார்ச் 31-ஆம் தேதி கொலோலோ மைதானத்தில் சட்டத்துக்கு நன்றி சொல்லி ஒரு பெரிய கூட்டம். ஆயிரக்கணக்கில் ஆட்கள், யூனிஃபார்மோடு பள்ளிப் பிள்ளைகள், மத குருமார், ஜனாதிபதியே வந்தார். ஆப்பிரிக்காவில் இந்த விஷயத்துக்காக நடக்கும் பெரிய ஊர்வலங்கள் பல தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராகத்தான் நடக்கும் என்பதை வெளியில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2023-இல் மலாவியில் பிஷப்புகளே முன்னால் நடந்தார்கள்.

அந்தச் சட்டம் 2014 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றத்தில் செத்தது. காரணம் மனித உரிமை இல்லை, ஓட்டெடுப்பு நடந்தபோது அவையில் போதுமான உறுப்பினர்கள் இல்லை என்பதுதான். ஒபாமா ஆப்பிரிக்கத் தலைவர்களை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டிருந்த மாநாட்டுக்கு முந்தைய வாரம் அது. அழுத்தத்தால்தான் போயிற்று என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒன்பது வருடத்தில் அதைவிடக் கடுமையாகத் திரும்பி வந்துவிட்டதே.

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒன்று. ஜூன் 3-ஆம் தேதி உகாண்டாவில் அரசு விடுமுறை, நமுகோங்கோவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் நடந்தே வருவார்கள். 1886-இல் முவாங்கா மன்னன் எரித்துக் கொன்ற கிறிஸ்தவ இளைஞர்களின் நினைவு நாள். அரசியல் காரணம் நிறைய உண்டு, ஆனால் மன்னனின் ஆசைக்கு அரண்மனைப் பையன்கள் இணங்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்று சபைகளே கதை சொல்லும். கொடுமையான கதைதான், அந்த மன்னனை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைக்காரன் வந்துதான் இதைக் கற்றுக்கொடுத்தான் என்று அதே வாயால் சொல்ல முடியாது இல்லையா.

---

நேர்படப்பேசு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். யாரையும் அடிக்கவோ சிறையில் போடவோ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மரண தண்டனை அநியாயம்தான். ஆனால் அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு மதிப்பே கிடையாதா? 2013-இல் ப்யூ ஆய்வு மையம் கேட்டபோது உகாண்டாவில் 96 சதவீதம் பேர் சமூகம் இதை ஏற்கக்கூடாது என்றார்கள். கானாவிலும் 96. நைஜீரியாவில் 98. 2023 சட்டத்தை எதிர்த்துப் பேச ஃபாக்ஸ் ஓடோய் போன்ற ஒருவர் இருவர்தான் பார்லிமென்டில் இருந்தார்கள்.

2011-இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், தன்பாலீர்ப்பாளர்களை நடத்தும் விதத்தைப் பார்த்துத்தான் உதவி கொடுப்போம் என்று பேசினார். அந்த மக்களின் தாத்தாக்களை அடிமைப்படுத்திய நாடு, அவர்கள் தங்கத்தையும் கோகோவையும் கொண்டுபோன நாடு, இன்றைக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கானா ஜனாதிபதி அட்டா மில்ஸ் உடனே முடியாது என்றார், அங்கே கைத்தட்டல் பறந்தது. எண்ணெய் விற்கும் பணக்கார நாடுகளிடம் இதே குரலில் பேசுவார்களா? ஏழையிடம் மட்டும்தானே நிபந்தனை.

---

ஓலைச்சுவடி

நேர்படப்பேசு, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. கேமரன் அப்படிப் பேசியபோது முதலில் எதிர்த்தவர்களில் ஆப்பிரிக்கத் தன்பாலீர்ப்பாளர்களே இருந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் கண்டத்தின் பல நாடுகளைச் சேர்ந்த செயல்பாட்டாளர்களும் அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள்: உதவியை வெட்டினால் அடிபடுவது எல்லா மக்களும்தான், அதில் நாங்களும் உண்டு, எங்களைப் பலிகடா ஆக்குவார்கள், எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். மழைச்சாரலின் தோழி டீ கோப்பைக்கு அடியில் மடித்துவைத்ததும் அதே பதில்தான். அப்போ மேற்கை எதிர்ப்பதும் இந்த மக்களை எதிர்ப்பதும் ஒன்றில்லை. முசெவேனி மாதிரி ஆட்கள்தான் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள்.

இன்னொன்று, இறக்குமதி எது என்ற விஷயம். உகாண்டா, கென்யா, சாம்பியா, மலாவி, போட்ஸ்வானா, இங்கெல்லாம் 'இயற்கைக்கு மாறான உறவு' என்ற வாசகத்தோடு இருந்த பழைய தண்டனைப் பிரிவுகளை எழுதியவர்கள் யார்? பிரிட்டிஷ் அதிகாரிகள். மெக்காலே தலைமையில் வரைந்து 1860-இல் இந்தியாவுக்குப் போட்ட 377-ஆவது பிரிவும், 1899-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் போட்ட சட்டமும்தான் மாதிரி. காலனிக்குக் காலனி நகலெடுத்தார்கள். கம்பாலாவில் இருந்த ஒரு மனிதரிடமும் அன்றைக்குக் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பல நாடுகளில் சுதந்திரம் கிடைக்கும்வரை இப்படி ஒரு சட்டமே இல்லை, ஏனென்றால் பிரான்ஸ் 1791-லேயே அதை எடுத்துவிட்டது. ஒரே கண்டம், கிட்டத்தட்ட ஒரே மாதிரி சமூகங்கள், யார் ஆண்டார் என்பதைப் பொறுத்துச் சட்டம். இதில் ஆப்பிரிக்கக் கலாசாரம் எங்கே வருகிறது? (செனகல் 1966-இல், கேமரூன் 1972-இல், தாங்களே சேர்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாப் பழியையும் காலனி மேல் போட்டுவிட முடியாது.)

வெளிநாட்டு அழுத்தம் என்றால் எல்லோரும் உதவிப் பணத்தைத்தான் நினைக்கிறோம். 2009 மார்ச்சில் கம்பாலாவில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. பேச வந்தவர் ஸ்காட் லைவ்லி என்ற அமெரிக்க மத போதகர், கூட இன்னும் இரண்டு அமெரிக்கர்கள். தன்பாலீர்ப்பாளர்கள் உங்கள் பிள்ளைகளைப் பிடிக்க வருகிறார்கள் என்பதுதான் பேச்சு. அதே வருடம் அக்டோபரில் பஹாட்டியின் மசோதா. சாம்பியாவைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் கப்யா கவோமா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு, அமெரிக்கச் சபைகளின் சண்டை எப்படி ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது என்று விரிவாக எழுதினார். உகாண்டா அமைப்பு ஒன்று லைவ்லி மேல் அமெரிக்க நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டது. 2017-இல் நீதிபதி, எனக்கு இதில் அதிகார வரம்பு இல்லை என்று தள்ளுபடி செய்தார், ஆனால் அந்த ஆள் செய்தது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பிலேயே எழுதினார். 2023 சட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பின்னாக உகாண்டாவின் என்டெபே நகரில் ஆப்பிரிக்க எம்பிக்களுக்கு 'குடும்ப மாண்பும் இறையாண்மையும்' என்று ஒரு மாநாடு, அதிலும் அமெரிக்க அமைப்பினர் இருந்தார்கள். அப்போ வெளியார் தலையீடு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

எங்கே மாறியது, எப்படி மாறியது என்று பார்த்தால் மழைச்சாரலின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். போட்ஸ்வானாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர், இருபதுகளில் இருந்தவர், சொந்த நாட்டு அரசாங்கத்தின் மேல் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். லெகபிபோ என்ற உள்ளூர் அமைப்பு கூட நின்றது. அந்த அமைப்பைப் பதிவு செய்யவே அரசாங்கம் மறுத்திருந்தது, அதற்கும் தனியாக வழக்கு நடத்தி ஜெயித்தவர்கள் அவர்கள். 2019 ஜூன் 11-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தப் பிரிவுகளை நீக்கினார்கள். அரசு மேல்முறையீடு போட்டது, 2021 நவம்பரில் அதிலும் தோற்றது. அப்போதைய ஜனாதிபதி மசிசி அடுத்த ஜனவரியில் லெகபிபோ ஆட்களைக் கூப்பிட்டுப் பேசி, தீர்ப்பை மதிப்போம் என்றார். சபைகள் பிறகு ஊர்வலம் போனதும் உண்மை. ஆனால் 'வெள்ளைக்காரன் மிரட்டினான்' என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

மொசாம்பிக் 2015-இல் புதிய தண்டனைச் சட்டம் எழுதும்போது போர்ச்சுகீசியர் காலத்துப் பிரிவைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அதற்கு முந்தைய வருடம் அவர்களுடைய முன்னாள் ஜனாதிபதி சிசானோ, ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி இந்த மக்களின் உரிமையை ஒப்புக்கொள்ளச் சொல்லியிருந்தார். பிறகு அங்கோலா. 2023 அக்டோபரில் மொரிஷியஸ், 1838-ஆம் வருடச் சட்டத்தை அவர்களுடைய உச்ச நீதிமன்றமே தூக்கியது. 2024 ஜூனில் நமீபியா. எல்லாமே உள்ளே இருந்து வந்தவை.

கானாவில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணம் எப்படிக் கெடுதலாக முடிகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. 2021 ஜனவரி 31-ஆம் தேதி அக்ராவில் ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள், தன்பாலீர்ப்பாளர்கள் வந்து உட்கார்ந்து பேச ஒரு இடம், அவ்வளவுதான். திறப்புக்கு ஐரோப்பிய ஒன்றியப் பிரதிநிதிகளும் சில நாட்டுத் தூதர்களும் வந்தார்கள். போட்டோ சமூக ஊடகத்தில் வந்தது. மூன்றே வாரத்தில் போலீஸ் வந்து பூட்டியது. அந்த வருடமே 'குடும்ப விழுமியங்கள்' மசோதா வந்தது. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி பார்லிமென்டில் நிறைவேறியது. நான் இப்படிப்பட்டவன் என்று சொன்னாலே மூன்று வருடம் வரை சிறை. அப்போதைய ஜனாதிபதி அகுஃபோ-அட்டோ கையெழுத்துப் போடாமலே பதவியை விட்டுப் போனார், அதற்கு ஒரு காரணம் உலக வங்கிப் பணம் 380 கோடி டாலர் போய்விடும் என்று நிதி அமைச்சகம் எச்சரித்தது. அழுத்தம் வேலை செய்தது என்றும் சொல்லலாம். ஆனால் புதிய பார்லிமென்டில் மசோதா திரும்பவும் வந்துவிட்டது, அதற்குள் பலர் வீடு இழந்தார்கள், அடி வாங்கினார்கள்.

---

வெள்ளைக்கோட்டு

நான் அரசியல் பேசப் போவதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஆண்களுக்கான ஹெச்ஐவி பரிசோதனை மையம் ஒன்றில் நர்ஸாக இருந்தேன். அமெரிக்கப் பணத்தில் ஓடியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஒரு இமெயில் வந்தது, வேலையை உடனே நிறுத்துங்கள் என்று. இரண்டு வரிகூட இருக்காது. கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் பூட்டினோம்.

மறுநாள் காலை சாவி கொடுக்கப் போனேன். நாலைந்து பேர் அந்தத் தாளைப் படித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மாத மாத்திரை வாங்க வந்தவர்கள். ஒருவர், நடுத்தர வயது, மனைவி பிள்ளைகள் உள்ளவர், எங்களைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது, என்னைப் பார்த்து "சிஸ்டர், இனி நான் எங்கே போவது?" என்றார். அரசு கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆனால் அங்கே வரிசையில் நிற்பது அவருடைய சபைக்காரர்கள். அவர் போயிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து 'நிதியை நிறுத்து' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. மழைச்சாரல், மனு எழுதியவர்களிடம் கேளுங்கள், 'உகாண்டாவுக்குப் போகும் பணம்' என்றால் எந்தப் பணம்? ராணுவத்துக்குப் போவதா, அமைச்சர்கள் வெளிநாடு போவதா, இல்லை இந்த மாத்திரையா? உகாண்டாவில் ஹெச்ஐவி சிகிச்சைக்கு வந்த பணத்தில் பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை வெட்டினால் முதலில் போவது யார் என்று பாருங்கள்.

நேர்படப்பேசு அண்ணா, தென்னாப்பிரிக்காவையும் கொஞ்சம் பாருங்கள். சைமன் என்கோலி என்று ஒரு கறுப்பினப் போராளி. நிறவெறி அரசு 1984-இல் பிடித்து தேசத்துரோக வழக்கில் உள்ளே போட்டது, மரண தண்டனை கிடைத்திருக்கக்கூடிய வழக்கு. சிறையில் கூட இருந்த தோழர்களிடம் தான் யார் என்று சொன்னார். சிலர் இவரோடு ஒரே வழக்கில் நிற்க மாட்டோம் என்றார்கள், மாதக்கணக்கில் வாதம் நடந்தது, கடைசியில் ஒன்றாகத்தான் நின்றார்கள். அந்த வழக்கில் கூட இருந்த லெகோடாவும் மோலெஃபேயும் பிறகு புதிய நாட்டின் பெரிய தலைவர்கள் ஆனார்கள். 1996 அரசியலமைப்பில் பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்ற வரி வந்ததில் அந்தச் சிறை அறை வாதத்துக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டு நிபந்தனை எதுவும் கிடையாது அங்கே. 1990 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் ஊர்வலம் போனபோது சிலர் முகத்தில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கேதான் பார்த்தேன். தேசியக் கால்பந்து அணியில் ஆடிய, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக வாழ்ந்த யூடி சிமெலானேவை 2008-இல் அவருடைய ஊரிலேயே கொன்றார்கள், தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கல்யாண உரிமை வந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை.

---

நேர்படப்பேசு

என்கோலியைப் பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், நேற்று இரவு முழுவதும் அதிலேயே போய்விட்டது. 2011 அறிக்கையும் தெரியாது. ஏழை நாட்டிடம் மட்டும் நிபந்தனை போடுவது தவறு என்பதில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் 96 சதவீதம் என்று எழுதியதை யோசித்தேன், மீதி நாலு பேர் எங்கே ஒளிந்து வாழ்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

---

நைல்கரை

ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். என் முதல் பதிவைப் படித்தால் வெளியில் யாரும் எதுவும் செய்யக்கூடாது என்று தோன்றும். அப்படி நான் நினைக்கவில்லை.

சாம்பியாவில் 2019 நவம்பரில் இரண்டு ஆண்களுக்குப் பதினைந்து வருடச் சிறை கொடுத்தார்கள். அமெரிக்கத் தூதர் டேனியல் ஃபூட் வெளிப்படையாகக் கண்டித்தார், வருடத்துக்குச் சுமார் 50 கோடி டாலர் தருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்போதைய ஜனாதிபதி லுங்குவின் அரசாங்கம் கொதித்துப் போய், இவரோடு வேலை செய்ய முடியாது என்றது, தூதர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. எல்லோரும் தோல்வி என்று எழுதினார்கள். 2020 மே மாதம் ஆப்பிரிக்க சுதந்திர நாளில் சுமார் 3,000 கைதிகளுக்கு மன்னிப்பு வந்தது. அந்தப் பட்டியலில் இந்த இரண்டு பேரும் இருந்தார்கள். சத்தம் போட்டதால் வந்ததா, சத்தம் அடங்கிய பிறகு வந்ததா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது, ஆனால் முதலாவது இல்லாமல் யாருக்காவது அவர்கள் ஞாபகம் இருந்திருக்குமா என்றும் தோன்றுகிறது.

2023 சட்டத்துக்குப் பிறகும் உலக வங்கி புதிய கடனை நிறுத்தியது, 2025 ஜூனில் பாதுகாப்பு ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லித் திரும்பத் தொடங்கியது. அமெரிக்கா 2024 ஜனவரியிலிருந்து ஆப்பிரிக்கப் பொருட்களுக்குத் தரும் அகோவா வரிச்சலுகையை உகாண்டாவுக்கு எடுத்தது. சட்டம் இன்னும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டு சில பிரிவுகளை மட்டும் அடித்தது. வீடு வாடகைக்குக் கொடுப்பதும் குற்றம் என்ற பிரிவும், சந்தேகம் வந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பிரிவும் அதில் போயின. சின்ன விஷயம் மாதிரி இருக்கும். நான் சொன்ன பழைய சக ஊழியர், குனிந்தே வேலை செய்தவர், 2023 ஜூன் மாதம் அவரை வீட்டுக்காரர் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "நீ நல்ல பையன், ஆனால் என்னை ஜெயிலுக்கு அனுப்பிவிடாதே" என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். இவர் மெத்தையை 'போடா-போடா' என்கிற வாடகை பைக்கில் கட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார். அந்தப் பிரிவு போன பிறகுதான் தன் பெயரிலேயே ஒரு அறை எடுக்க முடிந்தது. அந்த வழக்கைப் போட்டவர்கள் உகாண்டாக்காரர்கள். வெளியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அவர்களுக்கு வக்கீல் செலவு, ராத்திரி ஒளிய ஒரு இடம், நாட்டை விட்டு ஓடி வருபவருக்கு அடைக்கலம். இதற்கெல்லாம் மைக் தேவையில்லை.

தூதரகம் முன்னால் நிற்பது தப்பில்லை. நிற்பதற்கு முன் அவளிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

---

மழைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. இதில் இருந்ததை எல்லாம் அவளுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கேட்டார் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

குழுவில் பேசினேன். ஒரு மணி நேரம் சண்டை. உதவி அத்தனையையும் நிறுத்து என்ற வரியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக உகாண்டாவிலிருந்து தப்பி வருபவர்களின் அடைக்கல விண்ணப்பத்தைத் தாமதிக்காதே என்று நம் அரசாங்கத்திடமே கேட்கிறோம், வசூலாகும் பணம் அங்கே வழக்கு நடத்துபவர்களுக்குப் போகும். இரண்டு பேர் இது ரொம்ப மென்மையாகிவிட்டது என்று குழுவை விட்டே போனார்கள், அது வருத்தம்தான்.

அவளிடம் பதாகையில் என்ன எழுதலாம் என்று கேட்டேன். முசெவேனி பெயர் வேண்டாம், வானவில் கொடி அவர்கள் கேமராவுக்கு ரொம்பப் பிடிக்கும், அதுவும் வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து டேவிட் கட்டோவின் பெயரையும் 26 ஜனவரி 2011 என்ற தேதியையும் மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்தில் இன்றைக்கு ராத்திரி எழுதுகிறோம். அவள் வர மாட்டாள். துணியின் ஓரம் மடித்துத் தைக்க மட்டும் வருகிறேன் என்றிருக்கிறாள்.